ஞானையா எப்போது நகர்ந்தான்

ஞானையாவின் கலியாணத்துக்குத் தடை சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யாராவது வந்து, "தேவசிகாமணி வாத்தியார் எழுதினதையா நம்புதிய? அன்னைக்குக் கோயில்ல எந்திச்சு நின்னதே அவருதான்" என்று உங்களிடம் சொன்னால், அது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் அவனுக்குப் பாண்டிச்சேரி ஞானையா என்று பெயர். பிறந்து வளர்ந்ததெல்லாம் எங்கள் தெருதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. 1900ஆம் வருஷம் ஒரு துரை வாத்தியார் தோல் பந்து ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் நடுவே போட்டார். நான் நெட்டையாக இருந்ததால் என்னைக் கோல் காக்க நிறுத்தினார். ஞானையா ஒரு இடத்தில் நின்றால் அசைய மாட்டான் என்று கண்டுகொண்டு அவனைப் பேக் ஆக்கினார். பேக் என்றால் கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனிடமிருந்து பந்தைப் பறித்து விரட்டுகிறவன். கோல் அடிக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். பேக் தவறு செய்தால் ஏச்சு கிடைக்கும், செய்யாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. கோல் காக்கிறவன் பிழைப்பும் அதேதான், அதனால் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

1905இல் அவனுடைய தாய்மாமன் பாண்டிச்சேரியிலிருந்து கடிதம் போட்டார். அங்கே ஒரு துணி ஆலையில் கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா வேலை காலி இருப்பதாகவும், உடனே புறப்பட்டு வரும்படியும் எழுதியிருந்தார். ஞானையா ரயிலேறிப் போனான். போன இரண்டாம் நாள் ஆலையின் பிரெஞ்சு இன்சினியர் அவன் சும்மா ஒரு கந்தல் உருண்டையை உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஆலையில் அவன் பேனாவைத் தொடவே இல்லை. அங்கிருந்து எனக்கு எழுதினான்:

"ஏலே தேவசிகாமணி, இங்கன எனக்கு என்ன வேலைன்னே விளங்கல. காலையில ஆலைக்குப் போனா, போய்த் தூங்கு, சாயங்காலம் ஆடணும்லாங்கான் துரை. மாசம் பிறந்தா சம்பளம் குடுக்கான். வாங்கலாமா கூடாதாலே? பாவம் எதுவும் உண்டுமா?"

நான் என்ன கண்டேன். வாங்கு என்று பதில் போட்டேன். ஆனால் இந்தச் சங்கதியை எங்கள் தெருவுக்கு விளக்க முடியவில்லை. கிணற்றடியில் பெண்கள் அவன் தாயார் பாக்கியவதியம்மாளிடம் கேட்பார்கள்.

"ஒம்ம மவன் என்ன உத்தியோகம் பாக்கான்?"

"நிக்கான்."

"எங்கன நிக்கான்?"

"கோலுக்கு முன்னால."

"நின்னு?"

"வாரவன மறிக்கான்."

காவல்காரன் வேலை போலிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் ஏறி வந்து, பந்து விளையாடுவதற்கு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பான் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே பாதி நம்பிக்கைதான்.

பாண்டிச்சேரியில் அந்த இன்சினியர் அவனுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். இந்தக் கதையே அந்த வித்தையால் வந்த வினை என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆப்சைடு என்று ஒரு சட்டம் உண்டு. எதிராளி ஒருவன் நம் கோலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, பின்னாலிருந்து தன் ஆள் பந்தை உதைத்துத் தருவான் என்று காத்திருக்கிறான். அப்படி உதைக்கிற நேரத்தில், அவனுக்கும் கோலுக்கும் நடுவே நம்மவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இரண்டு பேர்தான் இருந்தால் அவன் போடுகிற கோல் செல்லாது. இந்த இடத்தில்தான் வித்தை. கோல் காக்கிறவன் ஒன்று, இரண்டு பேக்குகள், ஆக மூன்று பேர். உதைக்கப் போகிற சமயம் பார்த்து ஒரு பேக் மட்டும் முன்னால் இரண்டு எட்டு வைத்து எதிராளியைத் தாண்டி வந்துவிட்டால் மூன்று இரண்டாகிவிடும். எதிராளி ஏமாந்து நிற்பான். பந்தைத் தொடாமலே பறிக்கிற வேலை இது.

உதைப்பதற்கு முன்னால் நகர்ந்தால் வித்தை. உதைத்த பின்னால் நகர்ந்தால், காவலை விட்டு ஓடியதாக ஆகும். நடுவே கண் இமைக்கிற நேரம்தான் இருக்கிறது.

நான்கு வருஷம் அவன் அங்கே நன்றாக ஆடினான். 1909இல் கப்பல் மாலுமிகளோடு நடந்த ஆட்டத்தில் ஒருவன் பூட்ஸ் காலோடு வந்து இவன் வலது முட்டில் இடித்தான். மூன்று மாதம் படுக்கை. எழுந்தபோது வேறொருவன் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயதில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"முட்டு எப்படி இருக்குலே?" என்று கேட்டேன்.

"சொஸ்தமாயிட்டு."

நடையில் ஒரு குறையும் தெரியவில்லை. பத்திரப் பதிவு ஆபீசில் நகல் எழுதுகிற வேலை கிடைத்தது. பழைய மாணவர் அணியில் மறுபடி பேக்காக நின்றான். 1911இல் பெண் பார்த்தார்கள். பெண் இன்பமணி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் தகப்பனார் அப்பாத்துரை சபையில் பெரியவர், நல்லவர்தான், ஆனால் மாடு பிடிக்கிற தரகர் மாதிரி மாப்பிள்ளை பார்ப்பார். சுண்டுவிரல் வளைந்திருக்கிறது என்று ஒரு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர். ஞானையாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கஹீனம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றான் இவன்.

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். எங்கள் தெருவில் அதற்கு மேலும் ஒரு கட்டு உண்டு. ஓலை விழுந்த நாளிலிருந்து தாலி கட்டுகிற வரைக்கும் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது. கோயிலில்கூடத் தூணுக்கு அந்தப்பக்கம்தான் உட்கார வேண்டும். மீறினால் அந்தப் பெண்ணைப் பற்றித் தெரு பேசும் பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியாது.

இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, தூத்துக்குடி அணியோடு கோப்பை ஆட்டம் வந்தது.

மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. மைதானத்தை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தின் மாடி ஜன்னல்கள்கூட, வழக்கம்போல அடைத்திருந்தாலும், சும்மா இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கடைசி ஐந்து நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. தூத்துக்குடிக்கு முன்னாட்டக்காரன் ஒரு கப்பல் கம்பெனி வெள்ளைக்காரன், கனத்த பூட்ஸ், பனைமரம் போல ஆள். அவன் ஞானையாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். எங்களுடைய இன்னொரு பேக் வன்னியராஜ் எனக்கு முன்னால் நிற்கிறான். தூரத்தில் தூத்துக்குடிக்காரன் ஒருவன் பந்தை உதைக்கக் காலை ஓங்கினான். என் கண் பந்தின்மேல் இருந்தது. பிறகு பார்த்தால், ஞானையா ஆப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறான், அந்தப் பனைமரம் தனியாக என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வன்னியராஜ் விழுந்தான், நான் விழுந்தேன், பந்து உள்ளே போயிற்று.

ரெப்ரியாக இருந்த வெள்ளைக்காரக் குரு விசில் ஊதவில்லை. "ஊதவில்லையென்றால் கோல்தான்" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்கால ரயிலிலேயே கொடைக்கானலுக்குப் போய்விட்டார். அத்தோடு கேட்பதற்கு ஆளும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஆட்டம் கிளித்தட்டு. அதில் கோட்டுக்குக் கோடு ஒருவன் காவல். கோட்டை விட்டு நகர்ந்தவன் தன் கட்சியைக் கெடுத்தவன். ஞானையா கோட்டை விட்டதை ஊரே பார்த்தது. போதாததற்கு, ஆட்டம் முடிந்ததும் தூத்துக்குடி அணித் தலைவன் வந்து இவனைக் கட்டிப்பிடித்துக் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தான். பாண்டிச்சேரியில் இருந்தபோது பழக்கமாம். சம்பளம் வாங்கி ஆடிப் பழகியவன், அங்கேயும் வாங்கிவிட்டான் என்று கடைத்தெருவுக்குள் பேச்சு போய்விட்டது. எனக்கோ, "குனியத் தெரியாத கோல்காரன்" என்று பட்டம் கிடைத்தது. எரிச்சல் கண்ணை மறைத்தது. மறைத்தது என்ன மறைத்தது, நான்தான் மூடிக்கொண்டேன்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்து முடிக்கவும், நான் எழுந்து நின்றேன்.

குருவானவருக்கு வயது எழுபது. வேறொரு பெண்சாதி இருக்கிறாள் என்று சொல்லப்போகிறேன் என நினைத்துக் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "பந்தாட்டத்தில் துரோகம் செய்தவன், பணம் வாங்கியிருக்கிறான்" என்று நான் சொன்னதும், அவர் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"பந்தாட்டமா?"

"ஆமாய்யா."

"அதுக்கும் விவாகத்துக்கும் என்னப்பா?"

அப்பாத்துரைப் பெரியவர் எழுந்துவிட்டார். "ஏன் இல்ல? காசுக்குக் கூட்டாளியக் காட்டிக் குடுத்தவனுக்கு எம் மவளக் குடுக்கவா? விசாரிக்கணும் ஐயா."

ஆராதனை முடிந்து யாரும் வெளியே போகவில்லை. ஞானையா முன்னால் வந்து, தான் செய்தது வித்தை என்றும் அதில் குற்றம் இல்லை என்றும் விளக்க ஆரம்பித்தான். ஒருவருக்கும் புரியவில்லை. குருவானவர், "சும்மா சொன்னா விளங்காது, ஆள வச்சுக் காட்டு" என்றார். பீடத்துக்கு முன்னால் உபதேசியாரைக் கோல் காக்கிறவனாக நிறுத்தினார்கள். இரண்டு சபைப் பெரியவர்கள் பேக். அப்பாத்துரையே எதிராளி. காணிக்கைப் பைதான் பந்து. ஞானையா "இப்பம் நகருங்க" என்றால் ஒரு பெரியவர் பின்னால் போகிறார், இன்னொருவர் தானும் கூடவே நகர்கிறார். உபதேசியார் பயந்து காணிக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். ஆள் மாற்றி ஆள் எண்ணி, மூன்றா இரண்டா என்பதில் சபை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் நின்ற ஞானையாவே குழம்பி, "ரெண்டு… இல்ல, மூணு" என்றான்.

கடைசியில் குருவானவர்தான் நூலைப் பிடித்தார். "இம்புட்டுதானே. அவன் உதைக்கதுக்கு முந்தி நகந்தியா, பிந்தி நகந்தியா? தேவ சந்நிதியில நிக்க. சொல்லு."

முந்தி என்று சொல்லிவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஞானையா தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல ஐயா."

"தெரியலையா? ஒங் காலுலா நகந்தது?"

"எங் காலுதான். முந்தித்தான்னு நெனைக்கேன். ஆனா அந்த ஆளு வாரதப் பாத்ததும் ஞாவகம் இருக்கு. பாத்துட்டு நகந்தேனா, நகந்துட்டுப் பாத்தேனான்னு… ராத்திரி பூரா யோசிச்சேன். தெரியல."

"அந்தப் பொட்டலம்?" என்றேன் நான். விடுவேனா.

"தைலம்."

"யாருக்கு?"

"அம்மைக்கு. முட்டு வலிக்கு."

எல்லாரும் பாக்கியவதியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். தாமிரபரணிக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு நடந்தே திரும்புகிறவள் அவள். என்ன ஏது என்று விளங்காமல் விழித்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

அப்பாத்துரை துண்டை உதறித் தோளில் போட்டார். "தான் எப்பம் நகந்தோம்னே தெரியாத ஆளு எனக்கு மாப்பிள்ளையா வேண்டாம்." ஞானையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

அப்போது தூணுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

இன்பமணியின் குரல்.

"கேளம்மா."

"பணம் வாங்குன ஆளா இருந்தா, எப்பம் நகரணும்னு முந்தியே பேசி வச்சிருப்பாருலா? அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குமே. தெரியலன்னு ஏன் சொல்லுதாரு? பொய் சொல்ல வந்தவரு முந்தித்தான்னு சொல்லிட்டுப் போயிருக்க மாட்டாரா?"

குருவானவர் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன். "தடை இல்லை" என்று புத்தகத்தில் எழுதினார்.

அப்பாத்துரையும் மகள் பேச்சை ஏற்றுக்கொண்டார், கலியாணம் நடந்தது. விவாகப் பதிவில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது ஞானையா மறுபடி விழித்தானாம். குருவானவரே நகல் எழுத்தர் என்று போட்டுக்கொண்டார். ஒரு மாதம் கழித்து நான் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போலே, கிறுக்கா" என்றான். அதோடு சரி. அதற்கப்புறம் அவன் பந்தைத் தொடவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. ஊரில் பணப் பேச்சு அடங்கிவிட்டது, இவன் அடங்கவில்லை. அந்த அடங்காமைக்கு நான்தான் காரணம் என்பதால் அவன் பேசும்போதெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். வன்னியராஜைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தான், வன்னியராஜ் ஒரு நாள் முந்தி என்பான், ஒரு நாள் பிந்தி என்பான். டவுணுக்கு அல்வா வாங்கப் போனால், அன்றைக்கு ஆட்டம் பார்த்த கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அல்வா வாங்காமல் திரும்பி வருவான். பாண்டிச்சேரி இன்சினியருக்கு நாலு பக்கம் எழுதினான். மனசுக்கு முந்திக் கால் நகருமா என்று கேட்டிருந்தான். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆள் பட்டாளத்துக்குப் போய்விட்டார் என்ற முத்திரையோடு அந்தக் கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதை எனக்குக் காட்டியபோது அவன் கண் கலங்கியிருந்தது. துரைக்காகவா, பதிலுக்காகவா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. அவன் வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஞானையா மட்டும் பெஞ்சில். கலியாணமான மறுநாளே இன்பமணி அந்தப் பெஞ்சைத் தன் தகப்பனார் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டாளாம். பிரெஞ்சுக்காரப் பவிசு என்று தெருவில் கேலி செய்தோம்.

போன கிறிஸ்துமஸுக்கு, அதாவது 1919இல், அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆட்டம் நடந்து எட்டு வருஷம். அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து வைத்தாள் இன்பமணி. ஞானையா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கிழங்குத் துண்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினான். பெரிய துண்டு நான். பக்கத்தில் வன்னியராஜ். கோணல் துண்டு அவன்.

"இங்கன நான் நிக்கேன், அங்கன அவன் உதைக்கான். நீ பந்தத்தானலே பாத்தே? அது கிளம்பும்போது எங் கையி மேல இருந்துச்சா?"

"நூறு தடவ சொல்லிட்டேன், நான் ஒங் கையப் பாக்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

இன்பமணி குனிந்து வன்னியராஜை எடுத்து நாரை உரித்தாள்.

"பிந்தித்தான்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"பந்து அந்தாளு கால விட்டுக் கிளம்பிட்டு. அதுக்குப் பொறவுதான் நகந்திய. அந்த வெள்ளைக்காரன் வாரதப் பாத்திய, வலது கால இழுத்துக்கிட்டு ஒதுங்குனிய. கையத் தூக்குனது அதுக்கும் பிந்தி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மாடி ஜன்னல்ல ஒரு பலக ஒடைஞ்சிருக்கும். அதுவழியாப் பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓலை விழுந்த பெண் மாப்பிள்ளையைப் பார்த்தேன் என்று கோயிலில் எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பம் அன்னைக்குக் கோயில்ல அப்படிப் பேசினியேம்மா?"

"அதுல பொய் என்ன இருக்கு அண்ணாச்சி? பணம் வாங்குனாரான்னு கேட்டிய. வாங்கல. பயந்தாரான்னு ஒருத்தரும் கேக்கலையே."

ஞானையா கோணல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அவன் குரல் சன்னமாக வந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? எட்டு வருசம்."

"ஊரு பூராக் கேட்டிய. எங்கிட்ட ஒரு நாளாவது கேட்டியளா?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "பயந்தா என்ன. அந்த பூட்ஸுக்கு நானே ஜன்னல்ல இருந்து பயந்தேன்" என்று சொல்லிவிட்டு, தோலையும் நாரையும் வாரிக்கொண்டு உள்ளே போனாள்.

அழப்போகிறானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவனோ கோணல் துண்டைக் கடித்துத் தின்றான். தின்றுவிட்டு, "முட்டு வலிக்குலே" என்றான். பத்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து அதை நான் கேட்டது அன்றுதான்.

நான் புறப்பட்டபோது என்னை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் வந்தான். தெருவில் ஆட்கள் இருந்தார்கள், எதிரே, அன்று அங்கஹீனம் உண்டா என்று கேட்ட அப்பாத்துரைப் பெரியவரே வந்துகொண்டிருந்தார். ஞானையா பைய நடந்தான். வலது காலை இழுத்து இழுத்து, நன்றாக நொண்டிக்கொண்டே நடந்தான்.